அவசரப் பை: மாட்டிக்கொண்டு படி இறங்க முடிகிறதா?

வெள்ளமோ தீயோ, வீட்டை விட்டு உடனே கிளம்பச் சொன்னால் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் பீரோ சாவியைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. மூன்று நாள் சமாளிக்கத் தேவையானதை முன்கூட்டியே கட்டி வைத்துவிடுவோம். முதல் தடவை செய்பவர்கள் இதே வரிசையில் போகலாம்.

படி 1: பை
இரண்டு தோளிலும் மாட்டுகிற பை, பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. சூட்கேஸ் வேண்டாம். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் டார்ச் என்று இறங்க வேண்டிவரும்.

படி 2: தண்ணீர்
பலரும் தடுமாறுவது இங்கேதான். குடிக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 4 லிட்டர் என்பது பொதுவான கணக்கு. நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர், அதாவது 48 கிலோ! தோளில் சுமக்கிற எடையா அது? பையில் ஆளுக்கு 2 லிட்டர் வையுங்கள். மீதியைக் கேனில் பிடித்து வாசலருகே வைத்தால், வண்டி இருப்பவர்கள் ஏற்றிக்கொள்ளலாம். தண்ணீரைச் சுத்திகரிக்கும் குளோரின் மாத்திரை ஓர் அட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். எடையே தெரியாது.

படி 3: மருந்து
தினமும் சாப்பிடுகிற மாத்திரைகள் ஒரு வாரத்துக்கு, கூடவே மருந்துச் சீட்டின் நகல். அட்டையைக் கத்தரிக்கும்போது மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கத்தை வெட்டி எறிந்துவிடாதீர்கள். இன்சுலினை முன்பே பையில் வைக்க முடியாது. அதனால் பையின் மேலேயே “ஃபிரிட்ஜில் இன்சுலின்” என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். பதற்றத்தில் மறந்துபோவது இதுதான். பழைய மூக்குக்கண்ணாடி இருந்தால் அதையும் உள்ளே வையுங்கள்.

படி 4: காகிதங்கள்
அடையாள அட்டை, வீட்டுப் பத்திரம், காப்பீடு ஆகியவற்றின் நகல்கள் ஜிப் கவரில். முக்கியமான போன் எண்களைப் பால்பாயின்ட் பேனாவால் எழுதி ஆளுக்கு ஒரு தாள் கொடுங்கள். மைப்பேனா எழுத்து நனைந்தால் கரைந்துவிடும். வெளியூர் உறவினர் ஒருவரைப் பேசி வையுங்கள். பிரிந்துபோனால் எல்லோரும் அவருக்குத் தகவல் சொல்லட்டும். அழைப்பு போகாதபோதும் எஸ்எம்எஸ் போய்ச் சேர வாய்ப்பு உண்டு.

படி 5: வெளிச்சம்
பேட்டரியை மாதக்கணக்கில் டார்ச்சுக்குள் விட்டுவைத்தால் கசிந்து, ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்துவிடலாம். கழற்றித் தனியாகச் சுற்றி வையுங்கள். பவர் பேங்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் செய்யுங்கள். ஒரு விசிலும் இருக்கட்டும். எங்காவது சிக்கிக்கொண்டால் கத்திக் கத்தித் தொண்டை போய்விடும்.

அப்புறம் சமைக்காமல் சாப்பிடுகிற உணவு, ஒரு மாற்றுடை, சோப்பு, நாப்கின், முதலுதவிப் பொருட்கள், சில்லறை நோட்டுகள்.

படி 6: ஒத்திகை
பையை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் முதலில் துணியைக் குறையுங்கள், மருந்தில் கை வைக்காதீர்கள். சரி, இப்போது வாசலுக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம். ஆறு மாதம் கழித்து ஒருமுறை பிரித்து, தேதி முடிந்ததை மாற்றுங்கள். குழந்தையின் சட்டையையும் போட்டுப் பாருங்கள், அதற்குள் சின்னதாகியிருக்கும்.