இரவில் வலசை போகும் பறவைகளின் குரலை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கும் முறை

செப்டெம்பர் முதல் நவம்பர் வரை இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியின் குளங்களுக்கும் களப்புகளுக்கும் மேலாக இரவில் கடந்து செல்லும் வலசைப் பறவைகள், கூட்டத்தின் தொடர்பு அறாமலிருக்க இடைக்கிடை எழுப்பும் சிறுகுரல்களில் பல ஒரு விநாடிகூட நீடிப்பதில்லை. அவற்றை மூழ்கடிக்கும் இரைச்சலில் பெரும்பகுதியை, கணினிக்கு வருமுன்னரே, முற்றத்தில் வைத்தே குறைத்துவிடலாம்.

ஒலிவாங்கியைப் பனைக்கோ தென்னைக்கோ அருகில் வைக்கக்கூடாது. ஓலை உரசும் சத்தம் பறவைக் குரலின் அதிர்வெண்களிலேயே பரவிக் கிடப்பதால், பின்னர் அதைப் பிரிப்பது மிகவும் கடினம். அகன்ற வாளியின் அடியில் வானை நோக்கி ஒலிவாங்கியை நிறுத்தி, உட்புறம் தடித்த துணியைச் சுற்றிவிட்டால், வயற்கரைத் தவளைகளும் அயல்வளவின் நீரிறைக்கும் இயந்திரமும் ஓரளவு அடங்கும். பதிவை 48 கிலோஹேர்ட்ஸ் வீதத்தில், ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாகவே சேமிக்க வேண்டும்; எம்பி3 ஆகச் சுருக்கினால் மெல்லிய குரல்கள் சிதையக்கூடும்.

காலையில் மூலக் கோப்பைத் தொடாமல் அதன் பிரதியை ஒடாசிட்டி என்னும் ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்ற வேண்டும். இதில் நேரம் இடமிருந்து வலமாகவும் அதிர்வெண் கீழிருந்து மேலாகவும் படமாகத் தெரியும். அடியில் கறைபோலப் படிந்திருப்பது காற்றும் தூரத்து லாண்ட்மாஸ்டர் என்னும் இருசக்கர உழவு இயந்திரமும். 50 ஹேர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் நேர்கோடாக ஓடுவது மின்சார இரைச்சல். குறித்த அளவுக்குக் கீழுள்ள அதிர்வெண்களைக் குறைக்கும் ஹை-பாஸ் வடிகட்டியை 1,000 ஹேர்ட்ஸில் இட்டால் இவற்றில் பெரும்பகுதி நீங்கும். தாழ்ந்த குரலுடைய இராக்கொக்கையும் தேடுபவர்கள் 300 ஹேர்ட்ஸோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

உண்மையான சிக்கல் சில்வண்டுகள்தான். அவற்றின் ரீங்காரம் இடைவிடாத கிடைப்பட்டையாகத் தெரியும். சிறுபறவைகளின் குரலும் பெரும்பாலும் அதே உயரத்தில் விழும். முதல் பருவத்தில் நான் நள்ளிரவில் எடுத்த ஒரேயொரு இரைச்சல் மாதிரியை வைத்து, அம்மாதிரியை ஒத்த ஒலியைக் குறைக்கும் நொய்ஸ் ரிடக்ஷன் வசதியை முழு இரவுக்கும் கடுமையாகச் செலுத்தி, சில்வண்டோடு மெல்லிய குரல்களையும் அழித்துவிட்டேன். இரவு குளிரக் குளிர ரீங்காரமும் மாறுகிறது. ஆகவே ஒவ்வொரு குரலுக்கும் அருகிலேயே, பூச்சிகள் மட்டும் ஒலிக்கும் இரண்டு மூன்று விநாடிகளை மாதிரியாக எடுத்து, 6 முதல் 9 டெசிபல் வரை மட்டுமே குறைக்க வேண்டும். செலுத்துமுன் அதே வசதியிலுள்ள ‘ரெசிடியூ’வைத் தெரிவுசெய்தால், நீக்கப்படவிருக்கும் ஒலி மட்டும் கேட்கும், அதில் பறவையின் சாயல் சற்றேனும் தென்பட்டால் அளவைக் குறைத்தே ஆகவேண்டும். இந்த ஒரு சோதனையை நான் எப்போதும் விடுவதில்லை.

வடிகட்டியால் முடியாததைக் கண் செய்யும். வளைந்த அலகுடைய விம்பிரல் என்னும் கரைப்பறவை கடக்கும்போது, ஏறக்குறைய ஏழு சிறு கோடுகள் ஒரே உயரத்தில், தைத்த நூலிழைபோல வரிசையாக விழும். சில்வண்டின் பட்டைக்கு அவ்வாறு தொடக்கமும் முடிவும் இல்லை. குளக்கட்டு ஆட்காட்டிப் பறவையோ நெடுநேரம் ஒரே திசையிலிருந்து கத்தும். கடந்துபோகும் பறவையின் குரல் சில விநாடிகளில் ஓங்கித் தேய்ந்துவிடும்.

குரலுக்கு முன்னும் பின்னும் 5 விநாடி விட்டு வெட்டி, திகதி, நேரம், இடம் ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதி, வடிகட்டாத அதே துண்டையும் அருகில் வைத்துவிட வேண்டும். இனங்காணக் கேட்பவருக்கு இரண்டையும் அனுப்புவதே முறை.