அம்புலன்ஸ் ஓட்ட உங்கட லைசன்ஸ் காணுமா?

திருகோணமலையில வேன் ஹயர் ஓடுற பொடியள் என்னட்டக் கேக்கிற கேள்வி இது: "அண்ணை, அம்புலன்சும் வேன் தானே, என்ர லைசன்ஸ் காணும் தானே?" லைசன்சில பி வகுப்பு மட்டும் இருந்தால் காணாது.

கார்டைத் திருப்பிப் பாருங்கோ. பின்பக்கத்தில சின்னச் சின்ன வாகனப் படங்கள், நேரே வகுப்பு எழுத்து, திகதிகள் இருக்கும். பி எண்டால் மொத்த நிறை 3500 கிலோவுக்கு மேற்படாத, சாரதியோட 9 இருக்கைக்கு மேற்படாத வாகனம். சி1 எண்டால் 3500 கிலோவுக்கு மேல, 17000 கிலோவுக்குள்ள வாற லொறி. அம்புலன்சையும் பிரேத வண்டியையும் இந்தச் சி1க்குள்ளதான் சேர்த்திருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறவருக்கும் சுடலைக்குக் கொண்டுபோறவருக்கும் ஒரே வகுப்பு!

சி1 சேர்க்க, போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில மெடிக்கல் எடுத்துக்கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போகவேணும். பிறகு எல் போர்ட் போட்டுப் பழகி ட்ரயல் காட்டவேணும். வேன்காரர் லொறியில தடுமாறுறது ரிவேர்சில. உள்கண்ணாடியைப் பாத்துப் பழகின கண்ணுக்கு, அதில லொறிப் பெட்டிதான் தெரியும். பக்கக் கண்ணாடி ரெண்டையும் மாறி மாறிப் பாக்கப் பழகுங்கோ. இன்னொண்டு, லைசன்ஸ் செல்லுபடியாகிறது பி மாதிரி இலகு வாகனத்துக்கு 8 வருசம், சி1 மாதிரி பார வாகனத்துக்கு 4 வருசம்தான். பி செல்லுபடியா இருக்கேக்க சி1 முடிஞ்சுபோயிருக்கும், ஒருத்தரும் கவனிக்கிறேல்ல.

லைசன்ஸ் கிடைச்சிட்டால் ஓடத் தெரியும் எண்டு இல்லை. பின்னால சேலைன் ஏறிக்கொண்டிருக்கும், தாதி ஒரு கையால கம்பியைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால நோயாளியைப் பாத்துக்கொண்டு நிப்பா. நீங்கள் சடன் பிரேக் அடிச்சால் முதல்ல விழுறது அவதான். அதால தூரத்திலயே காலை எடுத்து, மெதுவா அமத்துங்கோ. வளைவிலயும் அப்படித்தான்.

சைரன் மனுசருக்குத்தான் விளங்கும். கோட்டைப் பக்கத்து மானுக்கும் றோட்டில படுத்திருக்கிற மாட்டுக்கும் விளங்காது. இரவில நோயாளியை வேற ஆஸ்பத்திரிக்கு ட்ரான்ஸ்பர் கொண்டு கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போனால் யானை நிக்கும். ஹோர்ன் அடிச்சுக் கலைக்கப் பாக்காதேங்கோ. தள்ளி நிப்பாட்டி, அது விலகினாப் பிறகு போங்கோ.

ஆஸ்பத்திரியோ 1990 சுவசெரிய எண்ட இலவச அம்புலன்ஸ் சேவையோ, சாரதி வேலைக்கு விளம்பரம் வந்தால் கேட்டிருக்கிற வகுப்பை முதல்ல வாசியுங்கோ. போட்டோக் கொப்பி அடிக்கேக்க கார்டின்ர பின்பக்கத்தையும் அடியுங்கோ, அவை பாக்கப்போறது அதைத்தான்.