சிரிப்பு பிறக்கும் இடைவெளி: பழைய நகைச்சுவைப் படத்தின் ஒரு காட்சியைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

1940களிலிருந்து 1960 வரை வெளிவந்த உலகப் புகழ்பெற்ற நகைச்சுவைப் படங்களை முதன்முறையாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைச் சொல்வார்கள்: படம் மெதுவாக நகர்கிறது, ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் இடையில் ஆட்கள் சும்மா நிற்கிறார்கள். இந்தக் கவனிப்பு சரியானது. அதிலிருந்து எட்டும் முடிவுதான் தவறு. அந்தப் படங்கள் நூற்றுக்கணக்கானோர் ஒன்றாக அமர்ந்து சிரிக்கும் அரங்குக்காக எடுக்கப்பட்டவை. சும்மா நிற்பதாகத் தோன்றும் அந்த நேரம் பார்வையாளர்களின் சிரிப்புக்காக ஒதுக்கிய இடம். அதை எவ்வளவு அகலமாக விடுவது, எதனால் நிரப்புவது என்பதில்தான் அந்தக் கால இயக்குநர்களின் கைத்திறன் இருந்தது.

ஒரே ஒரு காட்சியை எடுத்து, அதைப் பிரித்துப் பார்த்து, சிரிப்பு எந்த இடத்தில் பிறக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். ஒரு நோட்டுப் புத்தகமும், பேனாவும், நொடி காட்டும் கடிகாரமும் போதும். மூன்று மாலைப்பொழுதுகள் ஒதுக்க வேண்டியிருக்கும். நூறு படங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துச் செல்வதைவிட இந்த மூன்று மாலைகள் அதிகம் கற்றுத்தரும் என்பது என் கருத்து.

படி 1: படத்தைத் தேர்ந்தெடுத்தல்

தொடக்கத்துக்கு மூன்று படங்களைப் பரிந்துரைக்கிறேன். மூன்றும் மூன்று விதமாகச் சிரிக்க வைப்பவை என்பதால், உங்கள் மனம் எதில் ஒட்டுகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

வசனத்தை ரசிப்பவர்கள் பில்லி வைல்டர் இயக்கிய 'சம் லைக் இட் ஹாட்' (1959) படத்தை எடுக்கலாம். ஜாக் லெமன், டோனி கர்டிஸ், மர்லின் மன்றோ ஆகியோர் நடித்த கறுப்பு வெள்ளைப் படம் இது. கதையின் முடிச்சுகளை ரசிப்பவர்களுக்கு, இங்கிலாந்தின் ஈலிங் ஸ்டுடியோவிலிருந்து வந்த, அலெக்ஸாண்டர் மெக்கெண்ட்ரிக் இயக்கிய 'தி லேடிகில்லர்ஸ்' (1955) பொருந்தும். பேச்சே அதிகமில்லாமல் கண்ணாலும் காதாலும் சிரிக்க விரும்புபவர்கள் பிரெஞ்சு இயக்குநர் ஜாக் டாட்டியின் 'மோன் ஓங்க்ல்' (1958) படத்தைப் பார்க்கலாம். அந்தத் தலைப்புக்கு 'என் மாமா' என்று பொருள். பிரெஞ்சு மொழியில் மாமாவா, சித்தப்பாவா, பெரியப்பாவா என்பது தலைப்பிலிருந்து தெரியாது. படத்தில் டாட்டியே நடித்த யூலோ என்ற பாத்திரம் ஒரு சிறுவனின் அம்மாவுக்கு உடன்பிறந்தவர், ஆகவே அசல் தாய்மாமன். தமிழில் ஒரே சொல்லில் விளங்கிவிடும் உறவு இது.

படி 2: திரையைச் சரிசெய்தல்

இதைச் சின்ன விஷயம் என்று தாண்டிப் போக வேண்டாம். 1953க்கு முன் பெரும்பாலான ஹாலிவுட் படங்களின் சட்டம் (திரையில் படம் தெரியும் பரப்பு) கிட்டத்தட்ட 1.37:1 என்ற அகல-உயர விகிதத்தில், சதுரத்துக்கு நெருக்கமான வடிவில் இருந்தது. 'மோன் ஓங்க்ல்' அதற்குப் பின் வந்திருந்தும் அதே வடிவில்தான் எடுக்கப்பட்டது. 'சம் லைக் இட் ஹாட்' அதைவிட அகலமானது. இன்றைய தொலைக்காட்சிப் பெட்டிகளின் திரையோ 1.78:1. பல பெட்டிகள் படத்தை இழுத்தோ, மேலும் கீழும் வெட்டியோ திரை முழுவதையும் நிரப்பப் பார்க்கும். இழுத்தால் எல்லோரும் குட்டையாகவும் பருமனாகவும் தெரிவார்கள். வெட்டினால் தொப்பியும் கால்களும் காணாமல் போகும். டாட்டியின் படங்களில் பாதி வேடிக்கை கால்களில்தான் இருக்கிறது. எனவே அமைப்புகளுக்குள் சென்று, படம் அதன் இயல்பான விகிதத்தில், இரு பக்கமும் கறுப்புப் பட்டைகளோடு தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை ஒரு படத்தில் பாதி வரை இழுபட்ட முகங்களைப் பார்த்துவிட்டு, ஒளிப்பதிவாளருக்கு என்ன ஆயிற்று என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிழை என் கையிலிருந்த ரிமோட்டில் இருந்தது.

பின்னாளில் கணினியால் வண்ணம் தீட்டப்பட்ட பிரதிகளையும், வேற்று மொழிக்குக் குரல் மாற்றப்பட்ட பிரதிகளையும் தவிர்த்துவிடுங்கள். சப்டைட்டில் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் முதல் முறை மட்டும். அதன் காரணம் நான்காம் படியில் வரும்.

படி 3: முதல் பார்வை

படத்தை முழுதாக, நடுவில் நிறுத்தாமல் பாருங்கள். முடிந்தால் வீட்டில் இன்னும் இரண்டு பேரை உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். தனியாகப் பார்க்கும்போது வாய்விட்டுச் சிரிக்காத இடங்களில்கூட ஆட்கள் இருந்தால் சிரிப்பு வரும். குறிப்பு எதுவும் எழுத வேண்டாம். சிரிப்பு வந்த இடத்தில் கடிகார நேரத்தை மட்டும் ஓர் ஓரத்தில் குறித்தால் போதும்.

படம் முடிந்ததும் அந்த நேரங்களைப் பாருங்கள். எங்கேனும் இரண்டு, மூன்று நிமிடங்களுக்குள் பல குறிகள் நெருக்கமாக விழுந்திருக்கும். அதுதான் உங்கள் காட்சி. ஊர் உலகம் எந்தக் காட்சியைக் கொண்டாடுகிறது என்பது இந்தப் பயிற்சிக்குத் தேவையில்லை. உங்களைச் சிரிக்க வைக்காத காட்சியைப் பிரித்துப் பார்த்து எதையும் கற்க முடியாது.

படி 4: காதை மூடி ஒருமுறை, கண்ணை மூடி ஒருமுறை

தேர்ந்தெடுத்த காட்சியை முதலில் ஒலியை முற்றிலும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். வசனம் போய்விட்டதால் உங்கள் கண் தானாகவே பேசாதவரை நோக்கித் திரும்பும். 'தி லேடிகில்லர்ஸ்' படத்தில் ஐந்து கொள்ளையர்கள் வாத்தியக் குழுவினர் என்று பொய் சொல்லி, கேட்டி ஜான்சன் நடித்த மூதாட்டியின் வீட்டு மாடியில் கூடுகிறார்கள். இசையமைப்பாளர் போக்கரீனியின் இசைத்தட்டு ஒன்று அவர்களுக்காகச் சுழன்றுகொண்டிருக்க, அவர்கள் கொள்ளைக்குத் திட்டம் தீட்டுகிறார்கள். மூதாட்டி தேநீர் வேண்டுமா என்று கேட்டுக் கதவைத் தட்டும் ஒவ்வொரு முறையும் பாய்ந்து வாத்தியங்களை எடுத்துக்கொள்கிறார்கள். ஒலியில்லாமல் பார்த்தால், கும்பல் தலைவராகப் பேச்சை நடத்தும் நடிகர் அலெக் கின்னஸை விட்டுவிட்டு, செல்லோ எனும் பெரிய தந்தி வாத்தியத்தை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் திணறும் ஆளின் முகத்தில் போய் உங்கள் பார்வை நிற்கும். சிரிப்பின் பெரும்பகுதி அங்கே இருந்திருக்கிறது.

அடுத்து, திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். டாட்டியைப் பொறுத்தவரை இதுவே முக்கியமான பயிற்சி, ஏனென்றால் அவர் தம் படங்களின் ஒலியைப் படப்பிடிப்புக்குப் பின் தனியாகப் பதிவுசெய்து, எந்த ஓசை முன்னே வர வேண்டும், எது மறைய வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்து சேர்த்தார். 'மோன் ஓங்க்ல்' படத்தின் நவீன வீட்டுத் தோட்டத்தில் ஒரு மீன் வடிவ நீரூற்று இருக்கிறது. வாசல் மணி அடித்ததும் வீட்டுக்காரி அதைத் திறந்துவிடுவார். வந்தவர் முக்கியமானவர் இல்லை என்று தெரிந்தால் மூடிவிடுவார். இந்த நகைச்சுவையில் ஒரு வசனமும் இல்லை. மணியோசை, தண்ணீர் பீறிடும் ஓசை, அது அடங்கும் ஓசை ஆகிய மூன்றிலேயே ஒரு குடும்பத்தின் பகட்டு முழுவதும் சொல்லப்பட்டுவிடுகிறது.

சப்டைட்டிலை இந்தக் கட்டத்தில் கட்டாயம் அணைத்துவிட வேண்டும். எழுத்தில் வரும் வசனத்தை நாம் ஒரே பார்வையில் முழுதாகப் படித்துவிடுகிறோம். நடிகரோ கடைசிச் சொல்லை இன்னும் வாயில் வைத்துக் காத்திருப்பார். சொல்லுக்கு முன்பே சிரித்துவிட்டால், அவர் விட்ட இடைவெளி நமக்கு வெறும் தாமதமாகத் தெரியும்.

படி 5: அட்டவணை போடுதல்

இந்தப் பயிற்சியின் நெஞ்சு இதுதான். அதிக நேரத்தையும் இதற்கே ஒதுக்குங்கள். நோட்டில் நான்கு பத்திகள் வரையவும்: யார் பேசுகிறார், கேட்பவரின் முகம் சட்டத்துக்குள் இருக்கிறதா, வசனம் முடிந்து அடுத்த வசனம் தொடங்க எத்தனை நொடி ஆகிறது, அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது. ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். மூன்று நிமிடக் காட்சிக்கு ஒரு மணி நேரம் பிடித்தாலும் வியப்பதற்கில்லை.

எடுத்துக்காட்டாக 'சம் லைக் இட் ஹாட்' படத்தின் ஒரு காட்சியைச் சொல்கிறேன். 1929ஆம் ஆண்டின் சிகாகோவில் ஒரு ரவுடிக் கும்பலின் கொலைகளைக் கண்ணால் பார்த்துவிட்ட ஜோ, ஜெர்ரி என்ற இரு இசைக் கலைஞர்கள், உயிர் தப்புவதற்காகப் பெண் வேடமிட்டு ஒரு பெண்கள் இசைக்குழுவில் சேர்ந்திருக்கிறார்கள். ஜெர்ரியை உண்மையான பெண் என்று நம்பும் ஒரு வயதான கோடீஸ்வரர் அவரோடு இரவெல்லாம் டாங்கோ ஆடியிருக்கிறார். ஜோ அறைக்குத் திரும்பும்போது, ஜெர்ரி கட்டிலில் படுத்தபடி மராக்காஸ் எனும் கிலுகிலுப்பைகளைக் கையில் வைத்து ஆட்டிக்கொண்டிருக்கிறார். தமக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டது என்கிறார். ஜோ மகிழ்ச்சியோடு மணப்பெண் யார் என்று விசாரிக்க, அது தாமேதான் என்று பதில் வருகிறது.

இந்தக் காட்சிக்கு அட்டவணை போட்டால் நான்காம் பத்தியில் ஒரே விவரம் திரும்பத் திரும்ப வரும்: கிலுகிலுப்பை ஆட்டுகிறார், எழுந்து ஆடுகிறார், மீண்டும் கிலுகிலுப்பை. ஜெர்ரியாக நடித்த லெமனின் கையில் அதைக் கொடுத்தவர் வைல்டர். ஒவ்வொரு வசனத்துக்கும் அரங்கு சிரிக்கும், அந்தச் சிரிப்பில் அடுத்த வசனம் மூழ்கிப் போய்விடும் என்று அவர் கணக்கிட்டார்; நடிகர் வெறுமனே நின்றால் காட்சி செத்துவிடும், நிற்காவிட்டால் வசனம் காதில் விழாது. ஆகவே, இடைவெளிக்குள் பாத்திரத்தின் மனநிலைக்குப் பொருந்தும் ஒரு வேலையை வைத்தார். அரங்குக்குத் தேவைப்பட்ட அந்த நொடிகள், ஜெர்ரி தாம் போட்ட வேடத்தை மறந்து மயங்கிக் கிடக்கிறார் என்பதையும் சேர்த்தே காட்டிவிடுகின்றன. ஜோ திகைத்து நிற்பதற்கும், நாம் அந்தத் திகைப்பைப் படிப்பதற்கும் நேரம் கிடைக்கிறது.

உங்கள் அட்டவணையில் இடைவெளிகளை இரண்டு வகையாக வட்டமிடுங்கள்: வேலையால் நிரம்பியவை ஒரு நிறம், வெறுமையாக விடப்பட்டவை வேறு நிறம். வெறுமையான இடைவெளி பெரும்பாலும் கேட்பவரின் முகத்தின் மீது விழும். அப்படி விழாமல், யார் முகமும் தெரியாமல் ஓர் இடைவெளி இருந்தால், ஒன்று அது பிழை, அல்லது நீங்கள் இன்னும் கவனிக்காத ஏதோ ஒன்று சட்டத்தின் மூலையில் நடந்துகொண்டிருக்கிறது. மீண்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

படி 6: யாருக்கு என்ன தெரியும்?

காட்சியில் உள்ள ஒவ்வொருவரின் பெயரையும் எழுதி, அவருக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் ஒரு வரியில் குறியுங்கள். கடைசியில் பார்வையாளரையும் சேருங்கள். கொள்ளையர் கூடும் மாடிக் காட்சியில் மூதாட்டிக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். ஜெர்ரியின் காட்சியில் நிலைமை வேறு: நிச்சயதார்த்தச் செய்தியை ஜோ கேட்கும் அதே கணத்தில்தான் நாமும் கேட்கிறோம். முன்னதில் சிரிப்பு பதற்றத்தோடு சேர்ந்து வளர்கிறது, பின்னதில் திடீரென்று வெடிக்கிறது.

படி 7: பின்னோக்கி விதையைத் தேடுதல்

இப்போது காட்சியை விட்டு வெளியே வந்து, அதற்கு முந்தைய பகுதியை மறுபடி பாருங்கள். சிரிப்புக்குக் காரணமான பொருளோ, பழக்கமோ, சொல்லோ முன்பு எங்கே முதன்முறையாக வந்தது என்று தேடுங்கள். நல்ல விதை நாம் பார்க்கும்போது விதை போலவே தெரியாது. அந்த இடத்திலும் அது ஒரு சிறு வேடிக்கையாகவே கடந்து போயிருக்கும். 'தி லேடிகில்லர்ஸ்' தொடங்குவதே மூதாட்டி காவல் நிலையத்துக்குச் செல்வதில்தான். தம் தோழி வேற்றுக்கிரகத்தாரைப் பார்த்ததாக முன்பு சொன்ன கதையை விளக்கிவிட்டுப் போக வந்திருக்கிறார். காவலர்கள் குழந்தைக்குத் தலையாட்டுவது போலத் தலையாட்டி அனுப்புகிறார்கள். அந்தத் தலையாட்டலைக் குறித்து வைத்துக்கொண்டு படத்தின் கடைசி ஐந்து நிமிடங்களைப் பாருங்கள். 'மோன் ஓங்க்ல்' எடுத்தவர்கள், சிறுவர்கள் விசிலடித்து வழிப்போக்கர்களை விளக்குக் கம்பத்தில் மோதவைக்கும் விளையாட்டைக் குறித்து வைக்கட்டும். கடைசியில் அந்த விசிலை யார் அடிக்கிறார் என்பதில் படத்தின் உறவுச் சிக்கல் முழுவதும் அவிழ்கிறது.

படி 8: சொல்லாமல் விட்டதைக் கேட்டல்

அமெரிக்கப் படத்தை எடுத்தவர்களுக்கு மட்டும் இந்தப் படி. 1934 முதல் 1968 வரை ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட தணிக்கை விதிகளின் கீழ் இயங்கின. எதை நேரடியாகச் சொல்லக் கூடாதோ அதை மூடிய கதவு, உயர்ந்த புருவம், பாதியில் நின்ற வாக்கியம் ஆகியவற்றால் சொல்லப் பழகினார்கள்.  உங்கள் அட்டவணையில் வெறுமையான இடைவெளி ஒவ்வொன்றுக்கும் எதிரே, அங்கே எந்த வசனம் விழுங்கப்பட்டிருக்கும் என்று எழுதிப் பாருங்கள்.

அடுத்த பயிற்சி

இரண்டு, மூன்று காட்சிகளுக்கு இப்படி அட்டவணை போட்டுக் கை பழகியபின், ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940) படத்தை எடுங்கள். கேரி கிரான்ட்டும் ராசலிண்ட் ரஸ்ஸலும் அதில் ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் ஏறி ஏறிப் பேசுவார்கள். வாக்கியங்களின் தொடக்கமும் முடிவும் காதில் விழாவிட்டாலும் நடுப்பகுதி மட்டும் கேட்டால் போதும் என்ற விதத்தில் ஹாக்ஸ் வசனங்களை அமைத்திருந்தார். உங்கள் மூன்றாம் பத்தி ஏறக்குறைய முழுக்கப் பூஜ்யங்களாகவே நிரம்பும். அந்தப் பூஜ்யங்களுக்கு நடுவே, எல்லோரும் சட்டென்று பேச்சை நிறுத்தும் சில இடங்கள் மட்டும் எண்களோடு நிற்கும். அங்கே யார் முகம் சட்டத்தில் இருக்கிறது என்று இரண்டாம் பத்தியைப் பாருங்கள்.