வட ஒன்ராறியோவின் சுரங்க ஊர்களில் முதல் வீடு வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

ரொறன்ரோவின் வீட்டு விலைகளைக் கேட்டு மலைத்துப் போனவர்களுக்கு டிம்மின்ஸ், கிர்க்லண்ட் லேக், எலியட் லேக் போன்ற வட ஒன்ராறியோ ஊர்கள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் அங்கே வீட்டைப் பார்ப்பதற்கு முன், அந்த ஊர் எதை நம்பிப் பிழைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். எலியட் லேக்கின் யுரேனியச் சுரங்கங்கள் 1990 முதல் 1996 வரை ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது வேலையோடு ஆட்களும் வெளியேறினார்கள். காலியான வீடுகளை ஓய்வுபெற்றோருக்குக் குறைந்த வாடகைக்கு விட்டுத்தான் அந்த ஊர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. ஆகவே சுரங்கத்தின் எஞ்சிய ஆயுள் எவ்வளவு என்பதை நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் தேடிப் படியுங்கள். மருத்துவமனை, கல்லூரி என வேறு வேலைகளும் உள்ள டிம்மின்ஸ் போன்ற ஊரில் வாங்குவதே பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து.

பண ஏற்பாடு கடினமானதன்று. கனடாவில் 500,000 டொலர் வரையான வீட்டுக்கு 5 சதவீத முன்பணம் போதும். 250,000 டொலர் வீட்டுக்கு அது 12,500 டொலர். முன்பணம் 20 சதவீதத்துக்குக் குறைந்தால், நீங்கள் கடனைக் கட்டத் தவறினால் வங்கிக்கு ஈடுசெய்யும் கடன் காப்புறுதி கட்டாயம், அதன் கட்டணத்தைக் கடனோடு சேர்த்துக்கொள்ளலாம். முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 8,000 டொலராக மொத்தம் 40,000 டொலர் வரை போடலாம்; போடும்போது வரிக்கழிவு உண்டு, வீடு வாங்க எடுக்கும்போது வரி இல்லை. மேற்சொன்ன விலைக்கு மாகாண நில மாற்று வரி 2,225 டொலர். முதல் முறை வாங்குவோருக்கு 4,000 டொலர் வரை அந்த வரி தள்ளுபடி என்பதால் தகுதியுள்ளவர் எதுவும் கட்ட வேண்டியதில்லை. இருந்தாலும் வங்கி தரும் உச்சத் தொகையை வாங்காதீர்கள். சுரங்கம் மூடினால் உங்கள் வேலையும் வீட்டின் விலையும் ஒரே மாதத்தில் விழக்கூடும்.

நிலத்தைப் பற்றி இரண்டு கேள்விகளைச் சட்டத்தரணியிடம் கட்டாயம் கேளுங்கள். பத்திரம் மேற்பரப்பு உரிமையை மட்டும் தருகிறதா, கீழேயுள்ள கனிம உரிமை வேறொருவரிடம் இருக்கிறதா என்பது முதலாவது. மனைக்கு அடியில் பழைய குடைவுகள் உண்டா என்பது அடுத்தது. டிம்மின்ஸ் நகருக்கு அடியில் ஹொலிங்கர் முதலான பழைய தங்கச் சுரங்கங்களின் குடைவுகள் இருக்கின்றன, நிலம் உள்வாங்கிய இடங்களும் உண்டு.

வீட்டுப் பரிசோதனையை நிபந்தனையாக எழுதாமல் விலை பேச வேண்டாம். பரிசோதகரோடு நீங்களும் பரணுக்கு ஏறிப் பாருங்கள்: வெப்பம் வெளியேறாமல் தடுக்கப் போடும் கனிமமான, கூழாங்கல் போன்ற சாம்பல்நிற வெர்மிகுலைட் பரப்பியிருந்தால் அதில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் கலந்திருக்கலாம், கைவைக்காமல் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். கூரையோரச் சுவரில் நீர்க்கறை இருந்தால், குளிர்காலத்தில் பனி உருகிக் கூரை விளிம்பில் மீண்டும் உறைந்து, தேங்கிய நீர் உள்ளே கசிந்திருக்கக்கூடும். நிலத்திலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயுவான ரேடானுக்குக் கனடாவின் வழிகாட்டு அளவு ஒரு கனமீட்டருக்கு 200 பெக்கரல். சரியான அளவீட்டுக்கு 3 மாதமாவது வேண்டும் என்பதால், விற்பவரிடம் பழைய அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையேல் சீரமைப்புக்கென ஒரு தொகையை ஒதுக்குங்கள். சென்ற ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் வெப்பமூட்டும் செலவு ரசீதுகளையும் கேட்டு வாங்கி, கடன் தவணையோடு கூட்டிப் பார்த்த பிறகே விலை சொல்லுங்கள்.