சிடியை ரிப் செய்யும்போது காதை மட்டும் நம்பாதீர்கள்

ஆடியோ சிடியில் உள்ள பாடல்களைக் கணினியில் கோப்புகளாக நகலெடுத்ததும் (இதுதான் ரிப் செய்வது) பாட்டை ஓடவிட்டுக் கேட்கிறோம். 'டிக்' சத்தம் எதுவும் இல்லை, சரியாக வந்துவிட்டது என்று சிடியைத் தூக்கி உள்ளே வைத்துவிடுகிறோம். பெரிய தவறு இதுதான்.

ஆடியோ சிடியில் ஒரு நொடி இசைக்கு 75 செக்டர்கள் (தரவுத் துண்டுகள்), ஒவ்வொன்றிலும் 2352 பைட். டேட்டா சிடியில் அதே அளவு இடத்தில் கோப்புக்கு 2048 பைட்தான். மிச்சத்தில் பெரும்பகுதி கூடுதல் பிழை திருத்தத்துக்குப் போகிறது. ஆடியோ சிடிக்கு அந்தக் கூடுதல் காவல் கிடையாது. அதில் இருக்கும் ரீட்-சாலமன் என்ற பிழை திருத்த முறை சின்னக் கீறல்களைத் துல்லியமாகச் சரிசெய்துவிடும். சேதம் அதற்கும் மேலே போனால் டிரைவ் ஊகிக்கத் தொடங்கும். முந்தைய சாம்பிள் (ஒலியை ஒரு கணத்தில் அளந்த எண்) 100, அடுத்தது 140, நடுவில் உள்ளதைப் படிக்க முடியவில்லை என்றால் 120 என்று நிரப்பிவிடும். அங்கே ஒரு தாள அடி தொடங்கி, உண்மையான மதிப்பு 900 ஆக இருந்திருக்கலாம். காதுக்கு உறுத்தாது, ஆனால் பதிவில் இருந்தது அது அல்ல.

மென்பொருளில் 'பிழை திருத்தம்' என்ற கட்டத்தை டிக் செய்தால் போதும் என்பதும் தப்புக்கணக்கு. எந்த இடத்தில் திருத்த முடியவில்லை என்பதைச் சொல்லும் கருவிதான் வேண்டும். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற ரிப் மென்பொருளின் செக்யூர் முறையும் சிடிபாரனோயா என்ற மென்பொருளும் ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிடுகின்றன. இதிலும் ஒரு பொறி உண்டு. டிரைவின் கேஷ் (தற்காலிக நினைவகம்), இரண்டாம் முறை சிடியைத் தொடாமல் நினைவகத்தில் இருப்பதையே நீட்டிவிடலாம். அப்போது இரண்டும் பொருந்தத்தானே செய்யும்! டிரைவ் ஆடியோவைக் கேஷ் செய்கிறதா என்று மென்பொருளின் அமைப்பில் முதலிலேயே சோதித்துவிடுங்கள்.

கேஷ் இல்லாவிட்டாலும் ஒரே டிரைவ் ஒரே ஊகத்தை இருமுறை தரக்கூடும். அதனால்தான் அக்யூரேட்ரிப்பை விடாதீர்கள் என்கிறேன். அதே சிடியை மற்றவர்கள் ரிப் செய்தபோது கிடைத்த செக்சம்களோடு (தரவிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்கள்) உங்களுடையதை அது ஒப்பிடும். டிரைவ் படிக்கத் தொடங்கும் இடம் எத்தனை சாம்பிள் தள்ளிப்போகிறது என்ற அளவை, அதாவது ஆஃப்செட்டை, மென்பொருளில் சரியாகக் கொடுத்துவிடுங்கள். பொருந்தவில்லை என்றாலே பிழை என்று பதறவும் வேண்டாம், அதே ஆல்பத்தின் வேறு அச்சுப் பதிப்பு சிடியாக இருக்கலாம். சந்தேகம் வந்தால் இன்னொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ரிப் எப்படி நடந்தது என்று மென்பொருள் எழுதிவைக்கும் லாக் கோப்பை அழிக்காமல் பாடல்களோடே வையுங்கள்.

சிடியைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காதீர்கள். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். பளபளக்கும் பக்கத்தைவிட, பெயர் அச்சிட்ட பக்கத்துக்குத்தான் அதிகக் கவனம் தேவை. தரவு இருப்பது அந்த மெல்லிய பூச்சுக்குச் சற்றுக் கீழேதான். அங்கே கீறிப் பிரதிபலிப்புப் படலம் உரிந்துவிட்டால் டிரைவுக்குப் படிக்க எதுவுமே மிஞ்சாது.