வறண்டு வெடித்த கைகளைத் தேற்றுவது எப்படி?

துணியைத் தடவினால் நூல் விரலில் மாட்டி இழுக்கிறது. கை கழுவிய கொஞ்ச நேரத்தில் தோல் இறுக்கிப் பிடிக்கிறது. விரல் மடிப்பில் மெல்லிய கோடாக வெடித்து, உப்பு பட்டால் சுரீர் என்கிறது. இப்படி இருந்தால் பெரும்பாலானோர் முதலில் தேடுவது ஒரு நல்ல கிரீமைத்தான். கிரீம் வேண்டும்தான், ஆனால் அது இரண்டாவது வேலை. கழுவும் முறையை மாற்றாமல் எவ்வளவு பூசினாலும், அடுத்த தடவை குழாயைத் திறந்ததும் போட்டதெல்லாம் போய்விடும்.

ஏன் என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். தோலின் மேலடுக்கு ஒரு செங்கல் சுவர் மாதிரி. செல்கள் செங்கல், அவற்றுக்கு நடுவே இருக்கும் கொழுப்புப் பொருள்கள் சாந்து. அந்தச் சாந்துதான் உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. சோப்பும் சுடுதண்ணீரும் அழுக்கோடு சேர்த்து அதையும் கரைத்துக்கொண்டு போகின்றன. போதாததற்கு, உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. இழந்ததை ஈடுகட்ட அங்கே எண்ணெய் ஊறாது. ஈரம் போன தோல் வளைந்து கொடுக்காமல் விறைத்துவிடுகிறது. விரலை மடக்கும்போது அந்த இடத்தில் வெடிக்கிறது.

முதல் படி: கழுவும் முறையை மாற்றுங்கள்

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். சூடு என்று கைக்குத் தெரிந்தாலே அது அதிகம். சுடுதண்ணீரில் கிருமி நன்றாகப் போகும் என்று நினைப்பவர்கள் உண்டு. கை பொறுக்கும் சூட்டுக்குக் கிருமி சாகாது, தோல்தான் கெடும்.

அடுத்தது சோப்பு. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, அதன் பிஎச் அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரணக் கட்டி சோப்பு 9 முதல் 10 வரை போகும், அதாவது அமிலத்துக்கு நேர்மாறான காரத்தன்மை கொண்டது. அதனால் நறுமணம் சேர்க்காத, சோப்பு இல்லாத கிளென்சருக்கு மாறுவது நல்லது. நிறைய நுரை வந்தால்தான் சுத்தம் என்பதில்லை, கொஞ்சமாக எடுத்தாலே போதும். 20 விநாடி தேய்த்துவிட்டு, விரல் இடுக்குகளில் வழவழப்பு துளியும் மிச்சமில்லாமல் அலசுங்கள். மோதிரம் போட்டிருந்தால் கழற்றிவிட்டுக் கழுவுங்கள். அதன் அடியில் தங்கும் சோப்புதான் பல பேருக்கு அந்த ஒரு விரல் மட்டும் சிவந்து அரிப்பதற்குக் காரணம்.

துடைக்கும்போது தேய்க்க வேண்டாம், துண்டால் ஒற்றி எடுங்கள். லேசாக ஈரம் இருக்கட்டும், அது அடுத்த படிக்கு வேண்டும்.

கை வலிக்கிறது என்று கழுவுவதையே குறைத்துவிடாதீர்கள். சமைக்கும் முன்பும் கழிவறை போய் வந்த பின்பும் கழுவித்தான் ஆக வேண்டும். கண்ணுக்குத் தெரிந்த அழுக்கு இல்லாத மற்ற சமயங்களில், கிளிசரின் சேர்த்த சானிடைசர் சோப்பை விடத் தோலுக்கு இதமானது. வெடிப்பில் பட்டால் எரியும், அதனால் சானிடைசர்தான் தோலைக் கெடுக்கிறது என்று தோன்றும். ஏற்கெனவே வெடித்த இடம்தான் எரிகிறது. ஆறும் வரை அதைத் தவிர்த்துவிட்டு அப்புறம் பழையபடி பயன்படுத்தலாம்.

இரண்டாம் படி: ஈரம் காய்வதற்குள் பூசுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதென்றால் இதைக் கடைப்பிடியுங்கள். கை கழுவிய 3 நிமிடத்துக்குள் பூசிவிட வேண்டும். பூசும் பொருளின் முக்கியமான வேலை, தோலில் இருக்கும் ஈரத்தை மூடிக் காப்பது. ஈரமெல்லாம் ஆவியான பிறகு பூசினால் மூடிக் காக்க அங்கே பெரிதாக ஒன்றும் இருக்காது. தேங்காய் எண்ணெய்க்கும் இது பொருந்தும். காய்ந்த கையில் தடவினால் பளபளப்பு வரும், ஈரம் வராது.

எதை வாங்குவது? லோஷனில் தண்ணீர் அதிகம், கிரீமில் அதைவிடக் குறைவு, ஆயின்மென்ட் பெரும்பாலும் எண்ணெய்ப்பசைதான். வெடித்த கைக்கு லோஷன் போதாது. பகலில் கிரீம், இரவில் ஆயின்மென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவின் பின்பக்கத்தில் கிளிசரின், செராமைடு, டைமெத்திகோன், பெட்ரோலேட்டம் ஆகியவற்றில் ஒன்றிரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். கிளிசரின் நீரை இழுத்துப் பிடிக்கும், பெட்ரோலேட்டம் மேலே மூடிவிடும். பெட்ரோலேட்டம் என்பது நமக்குத் தெரிந்த பெட்ரோலியம் ஜெல்லிதான். வாஸ்லின் என்ற பெயரில் 1872-இல் காப்புரிமை பெற்ற பழைய பொருள், ஆனால் ஈரம் வெளியேறாமல் தடுப்பதில் அதை மிஞ்சுவது கடினம். விலை கூடிய கிரீம் இல்லையே என்று கவலைப்படவே வேண்டாம்.

தோல் தடித்துச் சொரசொரத்துப் போயிருந்தால் 5 முதல் 10% யூரியா உள்ள கிரீம் நன்றாக இளக்கும். ஆனால் திறந்த வெடிப்பில் யூரியா எரியும், அதை ஆறிய பிறகு தொடங்குங்கள். வாசனை சேர்த்ததை மட்டும் எடுக்காதீர்கள். வெடித்த தோல் வழியாக வாசனைப் பொருள்கள் எளிதில் உள்ளே போய் ஒவ்வாமையைக் கிளப்பும். ‘இயற்கை’ என்று எழுதியிருக்கும் வாசனை எண்ணெய்களும் இதில் சேர்த்திதான்.

ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை குழாயிலிருந்து பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். ஒரு கையின் இரு பக்கத்துக்கும் அது சரியாக இருக்கும். பலர் உள்ளங்கையில் பிதுக்கி, இரண்டு கையையும் சேர்த்துத் தேய்த்து முடித்துவிடுகிறார்கள். வெடிப்பு இருப்பதோ முட்டிகளிலும், கட்டைவிரல் ஓரத்திலும், நகத்தைச் சுற்றியும். புறங்கையில் பிதுக்கி, ஒரு புறங்கையை இன்னொன்றோடு தேயுங்கள். பிறகு விரல் இடுக்கு, முட்டி, நக ஓரம். உள்ளங்கைக்கு மிச்சம் இருப்பது போதும்.

மூன்றாம் படி: இரவில் கனமாக

தூங்கப் போகும் முன் கையை வெதுவெதுப்பான நீரில் 5 நிமிடம் ஊறவிட்டு, ஒற்றித் துடைத்து, பெட்ரோலியம் ஜெல்லியைத் தாராளமாகப் பூசுங்கள். மேலே பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளலாம், இல்லையென்றால் சுத்தமான பருத்திக் காலுறை. ஆழமான வெடிப்பு இருந்தால் அதற்குள் ஜெல்லியை வைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டி விரலை அசையாமல் வைத்திருங்கள். விளிம்பில் கிளம்பி நிற்கும் தோலைப் பிய்க்கக் கூடாது. எலுமிச்சைச் சாறு தேய்ப்பதையும் விட்டுவிடுங்கள். அது எரிப்பதோடு, அந்தக் கையோடு வெயிலில் போனால் தோலைக் கருக்கவும் செய்யும்.

நான்காம் படி: தண்ணீர் வேலைக்குக் கையுறை

பாத்திரம், துணி, தரை என எதைக் கழுவினாலும் உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை. வெறும் ரப்பரை நேரடியாகப் போட்டால் வியர்த்து, அந்த ஈரமே தோலை ஊறவைத்துக் கெடுக்கும். 20 நிமிடத்துக்கு ஒரு முறை கழற்றிவிடுங்கள். உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால் அந்த நிமிடமே மாற்ற வேண்டும். லேட்டக்ஸ் எனும் இயற்கை ரப்பர் ஒத்துக்கொள்ளாதவர்கள் நைட்ரைல் கையுறை வாங்கலாம்.

இறுக்கமும் எரிச்சலும் சில நாளில் குறையும். சின்ன வெடிப்புகள் மூட ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். ஆனால் பார்வைக்குச் சரியான பிறகும் உள்ளே அந்தச் சுவர் முழுதாகத் தேறியிருக்காது. இன்னும் சில வாரங்களுக்கு இதே மாதிரி தொடருங்கள். இங்கேதான் பலர் நிறுத்திவிட்டு மறுபடியும் அவதிப்படுகிறார்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

சீழ், பரவும் சிவப்பு, சூடு, வீக்கம் தெரிந்தால் தாமதிக்க வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆழமான வெடிப்பு வந்தாலே போய்விடுவது நல்லது. விடாத அரிப்பும் விரல் ஓரங்களில் குட்டி நீர்க்கொப்புளங்களும் இருந்தால் அது எக்ஸிமா எனும் தோல் அழற்சியாக இருக்கலாம். ஒரு கை மட்டும் செதில் உதிர்ந்து, பாதங்களிலும் அப்படியே இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு யாரோ சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு கிரீம் போட்டால் தொற்று அடங்கியதுபோல் காட்டிவிட்டு உள்ளுக்குள் பரவும். மருத்துவர் சொல்லாமல் அந்த வகைக் கிரீமைத் தொடவே தொடாதீர்கள்.

ஒவ்வாமை என்று சந்தேகம் வந்தால் பேட்ச் டெஸ்ட் செய்வார்கள். சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி, 2 நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், அப்புறம் இன்னொரு முறையும் பார்ப்பார்கள். போகும்போது உங்கள் கை தினமும் தொடும் சோப்பு, கிரீம், துப்புரவுத் திரவம் எல்லாவற்றின் பின்பக்க லேபிளையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாள்களில் கை தேறுகிறதா, வேலைக்குப் போனதும் மோசமாகிறதா என்றும் கவனித்துச் சொல்லுங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க மருத்துவருக்கு அது பெரிய உதவி.