செயற்கைக் கால், வீல்சேர், ஒரு கை: ஆப்ஸ்டகிள் ரேஸுக்கு ரெடியாகுறது எப்படி

சேறு, சுவர், கயிறு, மங்கி பார் (மேல இருக்கற கம்பிகள கை மாத்தி மாத்திப் பிடிச்சுத் தொங்கிட்டே போறது), முள்கம்பிக்கு அடியில தவழ்றது, நடுநடுவுல ஓட்டம், இதுதான் ஆப்ஸ்டகிள் கோர்ஸ் ரேஸ். ஈராக் போர்ல 2005ல இடது கையையும் இடது காலையும் இழந்த அமெரிக்க வீரர் நோவா காலோவே ஸ்பார்ட்டன், டஃப் மட்டர்ங்கற ரெண்டு பெரிய ரேஸ்லயும் கலந்துக்கிட்டவர், அதனால நம்மளால முடியுமாங்கற கேள்விய விடுங்க, எப்படி முடிக்கறதுன்னு பேசுவோம்.

முதல் ரேஸுக்கு சின்ன தூரமா எடுங்க. ஸ்பார்ட்டன்ல ஸ்பிரிண்ட்னா 5 கிமீ, 20 தடை, பீஸ்ட்னா 21 கிமீ, 30 தடை. பேர் குடுக்கறதுக்கு முன்னாடியே நடத்துறவங்களுக்கு எழுதிக் கேளுங்க: அடாப்டிவ் பிரிவு (மாற்றுத்திறனாளிகளுக்கான பிரிவு) இருக்கா, கூட ஆள் வரலாமா, வீல்சேர் போற மாதிரி தரையா, தடைய முடிக்கலன்னா என்ன பெனால்டி. 30 பர்ப்பீ (குனிஞ்சு தண்டால் மாதிரி படுத்து, எழுந்து குதிக்கறது) போடச் சொன்னா உங்க உடம்புக்கு அதுக்குப் பதிலா என்ன செய்யலாம்னு அப்பவே பேசி முடிச்சிடுங்க, அன்னைக்கு களத்துல நின்னு வாலன்டியர்கிட்ட விளக்கிட்டு இருக்க முடியாது.

தடை லிஸ்ட் கிடைச்சதும் ஒவ்வொண்ணுக்கும் முடிவு பண்ணுங்க: தனியா செய்வேன், வேற மாதிரி செய்வேன், உதவியோட செய்வேன், தாண்டிப் போயிடுவேன். என்னைப் பொறுத்தவரை பாதி ரேஸ் இந்தப் பேப்பர்லயே முடிஞ்சிடுது. மின்சார ஷாக் குடுக்கற தடை இருந்தா, பேஸ்மேக்கர், உடம்புக்குள்ள பம்ப் வச்சவங்க, வலிப்பு வர்றவங்க யோசிக்கவே வேணாம், தவிர்த்துடுங்க.

செயற்கைக் கால் போடறவங்களுக்கு பெரிய எதிரி சுவர் இல்ல, ஈரம்தான். ஸ்டம்ப் (மிச்சமிருக்கற கால் பகுதி) நுழையற சாக்கெட்டுக்குள்ள தண்ணியும் மண்ணும் போனா, ஸ்டம்ப் மேல மாட்டற உறையான லைனர் வழுக்கும், தோல் உரியும், சேத்துல கால் மாட்டிக்கிட்டா அப்படியே கழண்டு வந்துடும். அதனால கால் கழறாம பிடிச்சு வைக்கற சஸ்பென்ஷன் ஸ்லீவுக்கு மேல டேப் சுத்துங்க, இடுப்பு பெல்ட் இருந்தா இன்னும் நல்லது. மாத்து லைனர், ஸ்டம்ப் சாக்ஸ், சின்ன டவல் எல்லாத்தையும் தண்ணி புகாத பையில போட்டு கூட வர்றவங்ககிட்ட குடுங்க, நடுவுல நின்னு தொடைச்சு மாத்திட்டு ஓடுங்க, அந்த அஞ்சு நிமிஷம் போனா போகட்டும். மைக்ரோபிராசசர் முட்டி (சிப் வச்ச எலக்ட்ரானிக் முட்டி) வச்சிருந்தா எவ்வளவு தண்ணி தாங்கும்னு உங்களுக்குச் செயற்கைக் கால் பொருத்தித் தர்ற பிராஸ்தெட்டிஸ்ட்கிட்ட கேக்காம சேத்துல இறங்காதீங்க, பழைய மெக்கானிக்கல் கால் இருந்தா அதையே மாட்டிக்கோங்க.

வீல்சேர்ல வர்றவங்க அகலமான டயர், நல்ல கிளவுஸ் போடுங்க, நிறைய தடைகள்ல வீல்சேர விட்டு இறங்கி கையால இழுத்துட்டுப் போக வேண்டியிருக்கும், அதுனால தரையில இருந்து திரும்ப சேர்ல ஏற பிராக்டிஸ் பண்ணாம வராதீங்க. உணர்ச்சி இல்லாத காலுக்கு தடிமனான பேன்ட், ஷூ கட்டாயம், தோல் கிழிஞ்சாலும் உங்களுக்குத் தெரியாது. முதுகுத்தண்டுல டி6 (நெஞ்சுப் பகுதியோட ஆறாவது எலும்பு மட்டம்), இல்லேன்னா அதுக்கு மேல காயம் இருக்கறவங்களுக்கு திடீர்னு மண்டைய பிளக்கற தலைவலி, மேல்பக்கம் வியர்வை, முகம் சிவக்கறதுன்னு வந்தா ரேஸ அங்கயே நிறுத்தணும். அது ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா, பிரஷர் தாறுமாறா ஏறும், உசுருக்கே ஆபத்து. நிமிர்ந்து உக்கார வச்சு, இறுக்கமான துணிய தளர்த்தி, கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) மடங்கியிருக்கா, சிறுநீர்ப் பை நிறைஞ்சிருக்கான்னு பாக்கணும், மெடிக்கல் டீம கூப்பிடணும். இத கூட வர்றவங்க மனப்பாடமா தெரிஞ்சு வச்சிருக்கணும்.

ஒரு கைக்காரங்களுக்கு கயிறு ஏறறதுல பலம் காலுலதான், கயித்த ஒரு பாதத்துக்கு அடியில சுத்தி இன்னொரு காலால அழுத்திப் பூட்டிட்டு எழுந்து நிக்கறத பழகுங்க. பார்வை இல்லாதவங்க வழிகாட்டியோட ஒரு பொது பாஷை வச்சுக்கோங்க, “பாத்து, பாத்து”ன்னு கத்தறதுல பிரயோஜனமே இல்ல, “ரெண்டு அடியில முட்டி உயரத்துக்கு கட்டை”ன்னு சொல்லணும். காக்லியர் இம்ப்ளான்ட் (காது கேக்கறதுக்கு உள்ள பொருத்தற கருவி) இருந்தா தண்ணிக்கு முன்னாடி வெளிப் பிராசசர கழட்டிடுங்க, அப்புறம் கை சைகைதான்.

உதவி வாங்கறதுல கூச்சமே வேணாம், டஃப் மட்டர் மாதிரி ரேஸ்ல எல்லாருமே ஒருத்தர் தோள்ல ஒருத்தர் ஏறித்தான் போறாங்க. ஆனா எங்க பிடிக்கணும், எப்ப விடணும்னு நீங்கதான் சொல்லணும், கேக்காம யாராச்சும் தூக்க வந்தா கறாரா நிறுத்துங்க.

முடிச்சதும் போட்டோ அப்புறம், முதல்ல சுத்தமான தண்ணியில ஸ்டம்ப், பின்பக்கம், கால் விரல் இடுக்கு எல்லாம் கழுவி கண்ணாடி வச்சுப் பாருங்க. சிவப்பு மறையாம இருந்தாலோ தோல் உரிஞ்சிருந்தாலோ அது ஆறுற வரைக்கும் சாக்கெட்ட மாட்டாதீங்க, சூடா வீங்கினா, காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட சேத்துல இறங்கினத சேர்த்துச் சொல்லுங்க.